டேங்கை நிரப்ப வேண்டிய நாள் எது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் என்றால் அது கடலோரத்துக்காரர்கள் கவலை என்று நினைப்பது திருவண்ணாமலையில் வழக்கம். அந்த நினைப்பு ஒரே நாளில் உடைந்தது. டிசம்பர் 1 மாலை, மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்கக் கட்டிய பாலம், திறந்து மூன்று மாதம் ஆவதற்குள் வெள்ளத்தில் போனது. விழுப்புரம் மாவட்டம் அரசூரில் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே ஆறு ஓடியது. ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, பேருந்து நிலையம் அருகே நின்ற வேன்கள் திருவண்ணாமலை சாலையில் அடித்துக்கொண்டு போனதைத் தமிழ்நாடே செல்போனில் பார்த்தது.

கிழக்கே, தெற்கே, மேற்கே என்று மூன்று பக்கமும் இப்படிச் செய்தி வரும்போது, வேலூர் சாலையில் வேங்கிக்காலில் குடியிருக்கும் ஒருவருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. டேங்கர் லாரி வருமா? பெட்ரோல் கிடைக்குமா? இருக்கும்போதே போய் நிரப்பிக்கொண்டு வந்துவிடலாமா?

கேள்வியில் தப்பே இல்லை. குடும்பத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு நாம் அவசரத்தில் சொல்லிக்கொள்ளும் பதில்தான் பல சமயம் இல்லாத பஞ்சத்தை உண்டாக்குகிறது. அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதை நாம் புரிந்துகொள்வது நல்லது.

பெட்ரோல் நம் ஊருக்கு வரும் வழியிலிருந்து தொடங்கலாம். சென்னை மணலியில் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் அதற்கு உண்டு. அங்கிருந்து திருச்சி வழியாக மதுரை வரை 683 கிலோமீட்டருக்கு இந்தியன் ஆயிலின் குழாய் நிலத்தடியில் ஓடுகிறது. குழாய், ரயில், கப்பல் என்று பல வழிகளில் எண்ணெய் முனையங்களுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து டேங்கர் லாரியில் ஏறிப் பங்க்குகளுக்கு வருகிறது. மழையில் முதலில் அடிபடுவது இந்தக் கடைசித் துண்டுதான், அதாவது லாரி வரும் சாலை. முனையத்தில் எண்ணெய் இருக்கும், லாரியும் இருக்கும், நடுவில் ஒரு தரைப்பாலம் மூழ்கியிருக்கும். தண்ணீர் வடிய ஒரு நாள், சில சமயம் இரண்டு, மூன்று நாள் ஆகும். சுற்றுவழி இருந்தால் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். செஞ்சி வழி அடைபட்டால் போளூர் வழி, அதுவும் இல்லையென்றால் செங்கம் வழி என்று திருவண்ணாமலைக்குப் பல திசைகளில் சாலை உண்டு. ஆகவே பெரும்பாலான மழை வெள்ளங்களில் நமக்கு வருவது இரண்டு மூன்று நாள் தாமதம். அந்தத் தாமதத்தைத் தாங்கும் இருப்பு சாதாரணமாகவே பங்க்கின் தரைக்கடியில் இருக்கும். அதை ஒரே காலையில் நாம் காலி செய்தால்தான் தாமதம் பஞ்சமாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு பங்க்கில் நாளொன்றுக்கு 3,000 லிட்டர் பெட்ரோல் விற்கிறது, வருகிறவை எல்லாம் பைக்குகள், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தினமும் 2,000 வண்டிகள் வருகின்றன. ஒரு வண்டி மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிறது என்றால், அந்தப் பங்க்கை நம்பி 6,000 வண்டிகள் இருக்கின்றன. தரைக்கடியில் 12,000 லிட்டர் இருக்கிறது. வழக்கம்போல விற்றால் லாரியே வராமல் நான்கு நாள் தாங்கும்.

இப்போது, நாளைக்குப் பெட்ரோல் கிடைக்காதாம் என்று ஒரு பேச்சு கிளம்புகிறது. 6,000 வண்டிகளும் ஒரே நாளில் வருகின்றன. வழக்கமாக 150 ரூபாய்க்குப் போடுகிறவர் ஐந்து லிட்டர் போடுகிறார். தேவை 30,000 லிட்டர். இருப்பு 12,000. முதலில் வந்த 2,400 பேருக்குக் கிடைக்கும், மீதி 3,600 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். "ஸ்டாக் இல்லை" என்ற அட்டை மாட்டப்படும். அதைப் படம் எடுத்து ஒருவர் வாட்ஸ்அப்பில் போடுவார். பார்த்த அத்தனை பேரும் அடுத்த பங்க்குக்கு ஓடுவார்கள்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாளில் எந்த வண்டியும் வழக்கத்தைவிட ஒரு கிலோமீட்டர்கூட அதிகமாக ஓடவில்லை. பள்ளி விடுமுறை, வேலை இல்லை, மழை. ஓட்டம் குறைந்துதான் இருக்கும். ஊரின் உண்மையான தேவை கூடவே இல்லை. தரைக்கடியில் ஒரே இடத்தில் இருந்து, யாருக்கு எப்போது அவசரமோ அவருக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்த பெட்ரோல், 2,400 வீட்டு வாசல்களில் தனித்தனியாகப் பூட்டு போட்டு நிற்கிறது. ஏரியில் தேங்கிய தண்ணீரை மதகு திறந்து முறை வைத்துப் பாய்ச்சினால் கடைமடை வரை போகும். ஆளுக்கொரு பக்கம் கரையை வெட்டினால் அன்றைக்கே ஏரி காலி. அதேதான் இதுவும். 2,400 பேரில் ஒருவரும் கெட்டவர் இல்லை. அவரவர் கணக்கில் அவரவர் செய்தது சரி. எல்லாக் கணக்கையும் கூட்டும்போதுதான் தவறாகிறது.

சென்னை இதை இரண்டு முறை அனுபவித்தது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் பல பங்க்குகள் தண்ணீரில் நின்றன, லாரிகள் உள்ளே வர முடியவில்லை, திறந்திருந்த பங்க்குகளில் வரிசை சாலை வரை நீண்டது. இயற்கையால் வந்த தடை அங்கே உண்மையிலேயே இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இயற்கைத் தடை இல்லாமலும் பங்க் வறளும் என்பதற்கு ஐதராபாத் சாட்சி. 2024 ஜனவரி 2 அன்று, புதிய குற்றவியல் சட்டத்தின் விபத்துப் பிரிவை எதிர்த்து லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்த செய்தி பரவியது. மழை இல்லை, வெள்ளம் இல்லை. மதியத்துக்குள் நகரம் முழுக்கப் பங்க்குகளில் கூட்டம் திரண்டது, பல இடங்களில் பெட்ரோல் தீர்ந்தது. வேலைநிறுத்தம் அன்றிரவே விலக்கிக்கொள்ளப்பட்டது. வரிசையில் நின்ற பலருக்குப் பயம்தான் காரணமாக இருந்தது.

பேரிடரில் பங்க் எப்படி இயங்குகிறது என்பது தெரிந்தால் நம்மில் பலர் கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம் என்று நம்புகிறேன். டேங்கர் லாரி வந்ததும் குழாயைப் போட்டு ஊற்றிவிட முடியாது. முதலில் நிலைமின்சாரம் தீப்பொறி ஆகாமல் இருக்க லாரிக்கு எர்த் கம்பி மாட்டுவார்கள். லாரியின் ஒவ்வொரு அறையிலிருந்தும் மாதிரி எடுத்து, கண்ணாடிக் குடுவையில் அடர்த்தி மானியை மிதக்கவிட்டுச் சரிபார்ப்பார்கள். தரையடி டேங்கில் அளவுகோலை இறக்கி, எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கொள்ளும் என்று பார்ப்பார்கள். அந்தக் கோலின் நுனியில் ஒரு பசை தடவியிருக்கும். அடியில் தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறும். வெள்ள நேரத்தில் இந்தச் சோதனைதான் உயிர்நாடி. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரோடு சேரும். தண்ணீர் அளவு கூடினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அதை அப்படியே பைக்கில் போட்டால் வண்டி நடுவழியில் நிற்கும். மழைத் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்ற சந்தேகத்தில் ஒரு பங்க் இரண்டு மணி நேரம் மூடியிருந்தால், அங்கே பதுக்கல் நடக்கிறது என்று சத்தம் போடுவது சரியல்ல. நம் வண்டியைக் காப்பாற்றத்தான் அவர் மூடியிருக்கிறார்.

லாரியிலிருந்து இறக்கும் நேரத்தில் அந்த டேங்கின் விற்பனையை நிறுத்த வேண்டும். சுற்றிலும் இன்ஜின் ஓடக்கூடாது. இருநூறு பைக்குகள் வளைத்து நின்றால் லாரி உள்ளே திரும்பவே முடியாது. பெட்ரோலைக் கொண்டுவந்த லாரியே பெட்ரோலுக்கான வரிசையில் சிக்கிக்கொண்டு நிற்கும். மின்சாரம் வேறு இல்லையென்றால் பங்க் ஜெனரேட்டரில் ஓடும். டவர் படுத்துவிட்டால் ஜிபே, கார்டு எதுவும் வேலை செய்யாது, சில்லறைக்குத் தகராறு வரும். 2012 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவில் சாண்டி சூறாவளி அடித்தபோது, தரைக்கடியில் எண்ணெய் இருந்தும் மேலே இழுக்க மின்சாரம் இல்லாமல் நியூ ஜெர்சியில் ஏராளமான பங்க்குகள் முடங்கின. பணக்கார நாட்டுக்கும் அதே கதிதான். கடைசியில் அங்கே 12 கவுண்டிகளில் வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து நாள்விட்டு நாள் பெட்ரோல் போடச் சொன்னார்கள்.

"நான் பைக்குக்குப் பெட்ரோல் போட்டால் ஆம்புலன்ஸ் எப்படி நிற்கும், அது டீசலில்தானே ஓடுகிறது" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மண் அள்ளும் ஜேசிபி, ஆம்புலன்ஸ், மின்வாரிய லாரி, பால் வண்டி, செல்போன் டவர் ஜெனரேட்டர் எல்லாமே பெரும்பாலும் டீசல்தான். நம் பைக் அந்த டீசலைக் குடிப்பதில்லை. ஆனால் அந்த வண்டிகள் வந்து நிற்க வேண்டிய இடத்தை நம் வரிசை அடைத்துக்கொள்கிறது. பங்க்குக்கு வரும் லாரியில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் தனித்தனி அறைகள். பெட்ரோல் திடீரென்று பறந்தால் அடுத்த லோடில் பெட்ரோல் கூடும், டீசல் குறையும். கம்பம் சாய்ந்த தெருவுக்கு மின்வாரியத்தின் வயர்மேன் தன் சொந்த பைக்கில்தான் வருகிறார். செவிலியர், துப்புரவுப் பணியாளர், ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி இயக்குபவர் எல்லாருக்கும் அதே பெட்ரோல்தான் வேண்டும்.

இவர்களைவிட மோசமாக அடிபடும் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து விடிகாலையில் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் வேலைக்கு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். கொத்தனார், சித்தாள், பூ வியாபாரி, கீரை விற்பவர். பங்க்கில் அவர்கள் சொல்வது "அம்பது ரூபாய்க்குப் போடுப்பா" என்பதுதான். அது ஏறக்குறைய அரை லிட்டர். வந்து போக அந்த நாளுக்குச் சரியாக இருக்கும். மறுநாள் பெட்ரோல் மறுநாள் கூலியிலிருந்துதான். டேங்கை நிரப்பு என்று நாம் அவருக்கு உபதேசம் செய்ய முடியாது. எக்ஸெல் டேங்க் நாலு லிட்டர் கொள்ளும். நாலு லிட்டருக்கு 400 ரூபாய்க்கு மேல் ஆகும், அது அவர் வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு. பதற்றம் கிளம்பிய அன்று கையில் பணம் இருக்கிறவர்கள் ஐந்து லிட்டர், காருக்கு முப்பது லிட்டர் என்று நிரப்பிக்கொண்டு போன பிறகு இவர் வந்து நிற்கிறார். பங்க் மூடியிருக்கிறது. கள்ளத்தனமாகப் பாட்டிலில் விற்கிறவன் லிட்டருக்கு 150, 200 என்று கேட்கிறான். அன்றைய வேலை போயிற்று, கூலி போயிற்று. நம் வாசலில் ஐந்து லிட்டர் பத்து நாளைக்கு அசையாமல் நிற்கிறது. அவருக்கு அரை லிட்டர் இல்லை.

தனிமனிதப் பொறுப்பு என்று நான் சொல்வது இதைத்தான். எல்லாருக்கும் ஒரே அளவில் அதைப் பங்கிட முடியாது. முன்கூட்டி வாங்கிவைக்க வசதி உள்ளவருக்கே பொறுப்பு அதிகம். நெருக்கடி நாளில் வரிசையில் நிற்காமல் இருப்பது அவரால் முடியும். ஐம்பது ரூபாய்க்காரரால் முடியாது.

அப்படியானால் டேங்கை நிரப்பவே கூடாதா? கட்டாயம் நிரப்ப வேண்டும், வேறொரு நாளில். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் வெறித்திருக்கும் சாதாரண நாளில், வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாகும் முன்பே, அரை டேங்குக்குக் கீழே இறங்காமல் வைத்துக்கொண்டால் போதும். 150 ரூபாய்க்குப் போடுகிறவர் ஒருமுறை 400 ரூபாய்க்குப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு வழக்கம்போல 150 ரூபாய்க்குப் போட்டுவந்தால் அரை டேங்க் எப்போதும் இருக்கும். செலவு கூடாது, ஒரே ஒரு முறை முன்னால் தள்ளிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். அப்போது லாரி தடையில்லாமல் வந்துகொண்டிருக்கும், நாம் எடுத்ததை மறுநாளே நிரப்பிவிடுவார்கள். அதே நாலு லிட்டரை வெள்ளத்தன்று எடுத்தால் அது வேறொருவருடைய பங்கு. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் சுத்திகரிப்பு ஆலைகள் நின்று, வடகிழக்கு ஜப்பானில் பெட்ரோலுக்கு மைல் கணக்கில் வரிசை நின்றது. அதில் பாடம் கற்ற அந்நாட்டுப் பங்க் உரிமையாளர் சங்கங்கள், அமைதியான நாளில் டேங்கை நிறைத்து வையுங்கள் என்றுதான் மக்களிடம் பிரசாரம் செய்கின்றன.

கேனிலும் பாட்டிலிலும் வாங்கி வைப்பது பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1934ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்தத் தேவைக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் பெட்ரோல் வைத்திருக்கலாம். ஆனால் அது இறுக மூடிய உலோகக் கலத்தில் இருக்க வேண்டும், கலம் 25 லிட்டருக்கு மேற்படக்கூடாது. கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டர்தான். பிளாஸ்டிக்கை அந்தப் பிரிவு சொல்லவே இல்லை. தண்ணீர் பாட்டிலிலும் எண்ணெய் கேனிலும் பெட்ரோல் கேட்டால் பங்க்கில் மறுப்பதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து போகும். கார்த்திகை மாதம் நம் ஊரில் வாசலிலும் திண்ணையிலும் மாடிப்படியிலும் அகல் எரியும். கரண்ட் இல்லாத இரவில் மெழுகுவர்த்தியும் எரியும். பத்தடி தள்ளி மூலையில் ஒரு பிளாஸ்டிக் கேன் பெட்ரோல் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மழைக்குப் பயந்து வீட்டுக்குள் நெருப்பைக் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

மக்களை மட்டும் குறை சொல்லி முடிப்பது நியாயம் ஆகாது. பயம் பெரும்பாலும் தகவல் இல்லாத இடத்தில்தான் முளைக்கிறது. எந்தப் பங்க் திறந்திருக்கிறது, எதில் எவ்வளவு இருக்கிறது, அடுத்த லாரி எந்த வழியாக எப்போது வருகிறது என்பதை மாவட்ட நிர்வாகமும் எண்ணெய் நிறுவனங்களும் காலையும் மாலையும் சொன்னால் பாதிக் கூட்டம் வீட்டிலேயே இருக்கும். "பதற வேண்டாம், போதிய இருப்பு உள்ளது" என்ற ஒரு வரி போதாது. அந்த வரியைக் கேட்டதும் வண்டியை எடுக்கிறவர்கள் நம்மில் அதிகம். எண்ணோடு சொன்னால்தான் நம்பிக்கை வரும். 2025 மே மாதம் எல்லையில் மோதல் நடந்தபோது இந்தியன் ஆயில் அப்படி ஓர் அறிவிப்பை வெளியிட வேண்டியிருந்தது. அறிவிப்போடு ஊர்வாரியாக இருப்பும் தெரிந்தால் இன்னும் பலன் இருக்கும்.

உண்மையிலேயே வழி அடைபட்டால் அளவு வைப்பதில் தயங்கக்கூடாது. திரிபுராவுக்கு வரும் எண்ணெய் அசாமின் மலைப்பாதை ரயிலை நம்பியிருக்கிறது. 2024 ஏப்ரலில் ஜதிங்கா பகுதியில் நிலச்சரிவு ஏற்பட்டு சரக்கு ரயில் நின்றதும், மே 1 முதல் இரு சக்கர வாகனத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய்க்கும், நான்கு சக்கர வாகனத்துக்கு 500 ரூபாய்க்கும் மட்டுமே பெட்ரோல் என்று அந்த மாநில அரசு வரம்பு வைத்தது. 200 ரூபாய் என்றால் ஏறக்குறைய இரண்டு லிட்டர். மேலே போட்ட கணக்கில் ஐந்து லிட்டருக்குப் பதில் இரண்டு லிட்டர் என்று வைத்துப் பாருங்கள்: 6,000 வண்டிகளுக்கும் 12,000 லிட்டர், ஒருவர்கூட வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். வரம்பு வைத்தால் மக்கள் இன்னும் பயப்படுவார்கள் என்று அதிகாரிகள் நினைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் இரண்டு லிட்டர்தான் என்று தெரிந்தால் முண்டியடிக்கக் காரணம் இருக்காது என்பது என் கருத்து. அதோடு ஆம்புலன்ஸ், மின்வாரியம், பால், மீட்புப் பணி வண்டிகளுக்கு ஒதுக்கிய பங்க் எது என்பதை மழைக்கு முன்பே முடிவு செய்து வைக்க வேண்டும். திருவண்ணாமலைக்கு இது மற்ற ஊர்களைவிட அவசியம். 2024இல் வ.உ.சி. நகர் துயரம் நடந்த மூன்றாம் நாள் தீபத் திருவிழாக் கொடி ஏறியது, டிசம்பர் 13 அன்று மகா தீபம். வெள்ளமும் கூட்டமும் ஒரே மாதத்தில் வரும் ஊர் இது. வெளியூரிலிருந்து வரும் பல ஆயிரம் வண்டிகளும் நம் பங்க்குகளை நம்பித்தான் வருகின்றன.

வாட்ஸ்அப் பற்றியும் சுருக்கமாக. வரிசையின் படத்தை அனுப்புகிறவர் பெரும்பாலும் உதவி செய்வதாகவே நினைக்கிறார். எந்த ஊர், எந்தத் தேதி என்று இல்லாத படம் யாருக்கும் உதவாது, ஐந்து வருடம் முன்பு எடுத்ததாகக்கூட இருக்கும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் 54ஆம் பிரிவு, பீதி உண்டாக்கும் பொய் எச்சரிக்கையைப் பரப்பினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. தண்டனைக்குப் பயந்து அல்ல, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஓடும் கூட்டத்தில் கடைசியில் நிற்கப் போகிற எக்ஸெல் வண்டிக்காரரை நினைத்து விரலை நிறுத்துங்கள்.

வாசகர்களுக்கு வேண்டுகோள் இதுதான். இந்த ஆண்டு ஐப்பசி பிறக்கும்போது வண்டியில் அரை டேங்க் இருக்கட்டும். கையில் ஐந்நூறு ரூபாய் ரொக்கம் இருக்கட்டும். புயல் கடந்த மறுநாள் உங்கள் வண்டியில் இரண்டு நாள் ஓடப் பெட்ரோல் இருந்தால் பங்க் பக்கம் போகாதீர்கள், போகத்தான் வேண்டுமென்றால் தேவைக்கு மட்டும் போடுங்கள். ஏதாவது கேள்விப்பட்டால் மற்றவருக்கு அனுப்பும் முன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த அறை நம் வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்தில்தான் இருக்கிறது.